கூப்பிடுவது எல்லாம் ஒன்றல்ல
(ஆங்கிலப் பாடம்)

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்புக்காகக் கொழும்புக்குப் போயிருந்தேன். வகுப்பு முடிந்து பின்னேரம் கொட்டாஞ்சேனையில் நம்ம தோட்டத்துப் பையன் ஒருவன் தங்கியிருக்கிற அறைக்குப் போனேன். வெள்ளவத்தையில் ஒரு கடையில் நாலு வருஷமாக வேலை செய்கிறான். அவன் அம்மா தந்துவிட்ட பலகாரப் பார்சலைக் கொடுத்துவிட்டு எழும்பும்போது, "சேர், இதையும் ஒருக்கா பாருங்க. ஏதோ மீட்டிங்காம்" என்று ஒரு கடிதத்தை நீட்டினான்.

கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. கடையின் தலைமைக் காரியாலயத்திலிருந்து வந்தது. 'டொமெஸ்டிக் இன்குவாரி' ஒன்றுக்கு அவனை 'சம்மன்' செய்திருந்தார்கள். வருகிற சனிக்கிழமை, காலை பத்து மணி.

"மாசம் ஒருக்கா எல்லாரையும் கூப்பிட்டுப் பேசுவாங்க, கேக், சோடா எல்லாம் குடுப்பாங்க. இதுவும் அதுதானே? டொமெஸ்டிக்னா வீட்டு விஷயமாச்சே. சனிக்கிழமை நான் தேருக்கு ஊருக்கு வரப்போறேன்" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டொமெஸ்டிக் என்றால் வீடு என்பது சரிதான். ஆனால் இந்த இடத்தில் அது நிறுவனத்தின் சொந்த வீட்டுக்குள், அதாவது உள்ளுக்குள்ளே நடக்கிற விசாரணை. சரக்குக் கணக்கில் ஏதோ குறைவாம். அவன் போகாவிட்டால் அவன் இல்லாமலே விசாரித்து முடிவெடுக்க இடமுண்டு. நாலு வருஷ வேலை ஒரு சொல்லில் தொங்கிக்கொண்டிருந்தது.

நாம் தமிழில் 'கூப்பிடு' என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கும் கூப்பிடுகிறோம், கோர்ட்டுக்கும் கூப்பிடுகிறோம். ஆங்கிலக்காரன் அப்படிச் செய்வதில்லை. யார் கூப்பிடுகிறார், போகாமல் இருக்கலாமா என்பதைப் பார்த்துச் சொல்லை மாற்றிக்கொள்வான்.

'இன்வைட்' என்றால் அழைப்பு. போகலாம், போகாமலும் விடலாம். மனஸ்தாபம் வரும், அவ்வளவுதான். 'சம்மன்' அப்படியல்ல. அதிகாரம் உள்ளவர் வரச்சொல்லிக் கட்டளையிடுவது. லத்தீன் மொழியில் 'எச்சரித்தல்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. அந்த எச்சரிக்கை இன்னும் அதற்குள்ளே இருக்கிறது. நீதிமன்றம் அனுப்புகிற அழைப்பாணையும் இதேதான். அதைக் கையில் வாங்கியும் போகாவிட்டால் அடுத்து பிடியாணை வரலாம். பிள்ளைகள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வினைச்சொல் 'சம்மன்', ஆனால் அந்தக் கடதாசியின் பெயர் 'சம்மன்ஸ்'. கடைசியில் வருகிற 'ஸ்' பன்மை அல்ல. ஒரு கடதாசி என்றாலும் 'எ சம்மன்ஸ்' என்றுதான் எழுத வேண்டும்.

'கன்வீன்' என்பதை ஆளுக்குப் பாவிக்கிறதில்லை. கூட்டத்துக்கு, குழுவுக்குத்தான் பாவிப்பார்கள். மாதர் சங்கத் தலைவி கூட்டத்தைக் கன்வீன் செய்கிறார். உங்களைக் கன்வீன் செய்தார் என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பால் வெட்டுவார்.

இனி நமக்கு நல்லாத் தெரிந்த சொல், 'மஸ்டர்'. இதைப் படித்துத் தெரிந்துகொண்டவர் நம்மில் யாருமில்லை, பிறந்ததிலிருந்தே கேட்கிறோம். விடியும் முன் தப்பு அடித்து ஆட்களை எழுப்பி, பெரட்டுக்களத்தில் நிறுத்தி, தலை எண்ணி, பேர் பதிந்து, நீ கொழுந்துக்கு, நீ கவ்வாத்துக்கு, நீ புல்லுவெட்ட என்று பிரித்துவிட்ட காலத்தை நம்ம பாட்டிமார் சொல்லுவார்கள். பட்டாளத்தில் செய்வது போலவேதான். சொல்லும் பட்டாளத்துச் சொல்தான். லத்தீனில் 'காட்டு' என்று பொருள்படும் சொல் அதன் வேர். ஆளைக் கொண்டுவந்து நிறுத்திக் காட்டு, எண்ணிக்கை சரியா பார்ப்போம் என்பது கருத்து. பெரட்டு என்று நாம் சொல்வதும் 'பெரேட்' என்ற ஆங்கிலச் சொல் நம்மவர் வாயில் புரண்டு வந்ததுதான். அதற்கும் அடிப்படை காட்சி காட்டுவதே. ஆகவே மஸ்டர் என்றால் வெறுமனே கூட்டுவது அல்ல, கணக்கெடுக்கக் கூட்டுவது. பிந்திப் போனால் அரைப்பேர் என்று வயிற்றில் அடித்ததும் அந்தக் கணக்குத்தான். (மனதில் இருக்கிற தைரியத்தையெல்லாம் திரட்டிக்கொள்வதற்கும் ஆங்கிலத்தில் இதே மஸ்டர்தான்.)

'அசெம்பிள்' என்றால் ஒரு நோக்கத்துக்காக ஓரிடத்தில் ஒழுங்காகச் சேர்வது. பள்ளிக்கூடத்துக் காலைக்கூட்டம் நினைவிருக்கட்டும். 'கேதர்' இன்னும் இலேசானது. யாரும் உத்தரவு போடாமலே சனம் சேர்ந்தால் அது கேதர்.

2018 ஒக்டோபர் 24ஆம் திகதியை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை என்று கொழும்பில் வேலை செய்த நம்ம பிள்ளைகள் கறுப்பு உடுப்போடு காலிமுகத்திடலில் சேர்ந்தார்கள். பெற்றோருக்கு ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் கேட்டார்கள். மஸ்டர் போட்டு எண்ணிக் கொண்டுபோய் நிறுத்திய கூட்டம் அல்ல அது. பேஸ்புக்கில் ஒருவருக்கொருவர் சொல்லி வந்தவர்கள். அந்த ஆயிரம் 2021 மார்ச்சில்தான் சம்பளச்சபை வழியாக வர்த்தமானியில் வந்தது.

அதே மாதம் பெரிய இடத்திலும் சொல் சண்டை நடந்தது. நம்ம அரசியலமைப்பின் 70ஆம் உறுப்புரைப்படி பாராளுமன்றத்தைக் கூட்டுவது ஜனாதிபதியின் பிரகடனம். அங்கேயும் சொல் 'சம்மன்'தான். அதற்கு எதிர்ச்சொல் இரண்டு: 'புரொரோக்' என்றால் கூட்டத்தொடரை நிறுத்திவைப்பது, 'டிசோல்வ்' என்றால் கலைத்தே விடுவது. 2018 ஒக்டோபர் 27 நிறுத்திவைத்தார்கள், நவம்பர் 9 கலைத்தார்கள். நாலரை வருஷம் ஆகுமுன் ஜனாதிபதி தானாகக் கலைத்தது செல்லாது என்று உயர் நீதிமன்றம் டிசெம்பர் 13இல் தீர்ப்புச் சொன்னது.

பையன் சனிக்கிழமை விசாரணைக்குப் போனான். நல்லவேளை, பில் துண்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைத்திருந்தான். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து வேலையில் வைத்துக்கொண்டார்கள். தேருக்கு வரவில்லை என்று அம்மாவுக்குத்தான் இன்னும் கோபம்.

பிள்ளைகளுக்குப் பயிற்சி. பொருத்தமான ஆங்கில வினைச்சொல் எது?

1. குழாய் உடைந்த இடத்தில் லயத்துச் சனம் கூடிவிட்டது.
2. சிறுவர் கழகச் செயலாளர் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கூட்டுகிறார்.
3. நீதவான் ஒரு சாட்சியை வரச்சொல்கிறார்.
4. பக்கத்துக் காம்பிரா அக்கா பூப்புனித நீராட்டுக்குச் சொல்ல வந்தார்.

விடை: கேதர், கன்வீன், சம்மன், இன்வைட்.