பள்ளி விடுதிக்குப் போகப் போகும் தங்கைக்கு

கம்போங் மேடானில் ஆறாம் ஆண்டு படிக்கும் தங்கைக்கு,

முழு விடுதிப் பள்ளிகளில் சேர்வதற்கான பி.கே.எஸ்.கே. சோதனை எழுதப் போகிறாயாம். இடம் கிடைத்துவிட்டால் அடுத்த ஆண்டு பெட்டியோடு கிளம்பிவிடுவாய். அடுக்குமாடி வீட்டில், தம்பியின் கைப்பேசிச் சத்தத்துக்கும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சிக்கும் நடுவே படிக்கிற பிள்ளைக்கு விடுதி சொர்க்கமாகத் தெரியும். அம்மாவுக்கோ இப்போதே வயிற்றைக் கலக்குகிறது. இருவர் நினைப்பிலும் உண்மை உண்டு. விடுதி ஐந்து ஆண்டும் ஒரே மாதிரிப் பார்த்துக்கொள்வதில்லை. எந்தப் படிவத்தில் யார் கைகொடுப்பார்கள், எங்கே நீயேதான் சமாளிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

நம் மலேசிய விடுதிப் பள்ளிகள் எல்லாருக்குமாகத் தொடங்கியவை அல்ல. 1905-இல் கோலகங்சாரில் திறந்த மலாய்க் கல்லூரி, அரச குடும்பத்து, பிரபுக்கள் வீட்டு மலாய்ப் பையன்களுக்கானது. பெண்களுக்கு 1947-இல் கோலாலம்பூரில் ஒன்று வந்தது. அதுதான் இன்றைய துங்கு குர்ஷியா கல்லூரி. 1952-இல் பிரிட்டிஷ் உயர் ஆணையர் டெம்ப்ளர் போர்ட்டிக்சனில் தொடங்கிய ராணுவக் கல்லூரி, இப்போது சுங்கை பெசியில் இருப்பது, எல்லா இனத்தாரையும் சேர்த்துக்கொண்டது. மாரா இளநிலை அறிவியல் கல்லூரிகள் 1972-இல் வந்தாலும், பூமிபுத்ரா அல்லாதாருக்கு 10 விழுக்காட்டு இடம் ஒதுக்கியது 2002-இல்தான். தமிழ்ப் பிள்ளைக்கு வாசல் குறுகல் என்பதை மறைத்துப் பயனில்லை. ஆனால் விடுதி நமக்குப் புதிதுமல்ல. பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குமாஸ்தாக்களாகக் குடியேறிய யாழ்ப்பாணத்தாரின் ஊர்ப்பக்கத்தில், உடுவில் மகளிர் பள்ளி 1824-லேயே பெண்பிள்ளைகளை விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைத்தது.

முதலாம் படிவத்தில்தான் கவனிப்பு அதிகம். இது பழைய வழக்கம். ஆங்கில எழுத்தாளர் அந்தோணி பர்ஜெஸ் 1954-இல் அதே கோலகங்சார் மலாய்க் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தபோது, சின்னப் பையன்கள் தங்கியிருந்த கிங்ஸ் பவிலியன் என்ற மாளிகையிலேயே அவரையும் மனைவியையும் குடிவைத்து, பையன்களை அவர் பொறுப்பில் விட்டார்கள். இரைச்சல் தாங்காமல் மனுஷன் தலைமையாசிரியரோடு சண்டைக்கே போனார். பர்ஜெஸுக்கு அது தொல்லை. பையன்களுக்கோ நல்ல ஏற்பாடு. புதுப்பிள்ளைகளைத் தனியே வைத்து, ஒரு பெரியவரையும் அதே கூரையின் கீழ் வைப்பதைவிடச் சிறந்த முறையை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

இன்று அந்தப் பெரியவர் வார்டன். இரண்டடுக்கு இரும்புக் கட்டில், பூட்டு போட்ட லாக்கர், சுருக்கமில்லாமல் விரித்திருக்க வேண்டிய மெத்தை விரிப்பு, காலை உணவு முதல் இரவுச் சப்பர்வரை ஆறு வேளைச் சாப்பாடு, இரவில் மேற்பார்வையோடு பிரெப் என்னும் படிப்பு நேரம் என்று நாள் முழுக்க மணி அடித்துக்கொண்டே இருக்கும். அழ நேரமில்லாமல் செய்வதுதான் நோக்கமோ என்னவோ! ஆனாலும் அழுகை வரும் நேரம் ஒன்று உண்டு. மக்ரிப் வேளையில் மற்றவர்கள் தொழுகைக்காகச் சுராவுக்குப் போய்விட, டார்மில் நீயும் இன்னும் ஓரிருவரும் மட்டும் இருப்பீர்கள். அந்த நேரத்தை மலாய்க்கு வைத்துக்கொள். சாதாரண இடைநிலைப்பள்ளியில் மலாயில் பின்தங்கிய தமிழ்ப்பள்ளிப் பிள்ளைக்குப் புகுமுக வகுப்பு என்று ஓராண்டு அவகாசம் உண்டு. முழு விடுதிப் பள்ளியில் அது கிடையாது. வரலாறும் புவியியலும் முதல் வாரத்திலேயே மலாயில் வந்து நிற்கும்.

இன்னொன்று. 2025-இல் சபாவில் ஒரு விடுதியில் முதலாம் படிவ மாணவி ஒருவர் இறந்த பிறகு, பகடிவதையைப் பற்றி நாடே பேசியது. மூத்த மாணவியின் துணியைத் துவைப்பதும் அவருக்காகக் கடைக்கு ஓடுவதும் 'விடுதி மரபு' என்று யாராவது சொன்னால் நம்பாதே. அன்றிரவே வார்டனிடம் சொல். அவர் காதில் போட்டுக்கொள்ளாவிட்டால் ஆலோசக ஆசிரியரிடம் போ, வீட்டுக்கும் சொல்.

இரண்டாம், மூன்றாம் படிவங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்றாம் படிவத் தேர்வான பி.டி.3 2022-இல் நீக்கப்பட்டபோது அந்த ஆண்டுகளில் முன்பிருந்த பதற்றம் குறைந்தது. புறப்பாட நடவடிக்கைகளில் நன்றாக ஈடுபடலாம்.  

கவனமாக இருக்க வேண்டியது நான்காம் படிவத்தில். நம் நாட்டில் அதை 'ஹனிமூன் இயர்' என்பார்கள். எந்தப் புண்ணியவான் வைத்த பேரோ, பல பிள்ளைகளைக் கவிழ்த்திருக்கிறது. ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வின் கேள்வித்தாளில் நான்காம் படிவப் பாடமும் ஐந்தாம் படிவப் பாடமும் சேர்ந்துதான் வரும். இயற்பியல், வேதியியல், கூடுதல் கணிதம் மூன்றும் ஒரே சமயத்தில் தலையில் இறங்குகின்றன. மூன்றாம் படிவம்வரை முதல் வரிசையில் இருந்த பிள்ளை முதல் சோதனையிலேயே சிவப்பு மதிப்பெண் வாங்கித் திகைக்கிறது. அதே ஆண்டில் வெளிப்பள்ளிகளிலிருந்து புது மாணவர்களும் சேர்கிறார்கள். பழையவர்கள் மூன்றாண்டாகக் கூட்டு சேர்ந்திருக்க, புதியவர்கள் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருப்பார்கள். முதலாம் படிவத்துக்குக் கிடைக்கும் அறிமுக வாரமும் அரவணைப்பும் பதினாறு வயதுப் பிள்ளைக்குக் கிடைப்பதில்லை. பெரிய பிள்ளைதானே என்று விட்டுவிடுகிறார்கள். பள்ளிகள் தங்கள் கவனத்தில் பாதியை இங்கே திருப்பினால் நல்லது. அதுவரை உதவியை நீயேதான் கேட்டு வாங்க வேண்டும். பிரெப் நேரத்தில் ஐந்தாம் படிவ அக்கா ஒருவரைப் பிடித்துக்கொண்டு கணக்கைப் போட்டுப் பார்.

ஐந்தாம் படிவத்தில் நிலைமை தலைகீழ். கூடுதல் வகுப்பு, பட்டறை, டிரையல், ஆசிரியர்களின் தனிக்கவனம் என்று எல்லாம் தேடி வரும். மலாயிலும் வரலாற்றிலும் தேர்ச்சி இல்லாவிட்டால் சான்றிதழே இல்லை என்பதால் அந்த இரண்டிலும் யாரையும் கோட்டைவிட விடமாட்டார்கள். மெட்ரிகுலேஷனா, ஆறாம் படிவமா, உபகாரச் சம்பளமா என்பதை ஆலோசக ஆசிரியரிடம் ஆண்டுத் தொடக்கத்திலேயே பேசிவிடு.

தமிழை மட்டும் யாரும் தேடி வந்து தரமாட்டார்கள். 1996-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டப்படி 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டால்தான் தாய்மொழி வகுப்பு. விடுதிப் பள்ளியில் அத்தனை தமிழ்ப் பிள்ளைகள் சேர்வது அரிது. எஸ்.பி.எம்.மில் தமிழ் எடுக்க நினைத்தால் முதலாம் படிவத்திலிருந்தே விடுமுறையில் படித்துவர வேண்டியிருக்கும்.

பதிவு நாளன்று அப்பா கட்டண ரசீதோடு திரும்பிவிடக் கூடாது. பெண்கள் கட்டடத்தில் இரவு தங்கும் வார்டன் யார், மாட்டிறைச்சி சமைக்கும் நாளில் வேறு என்ன கிடைக்கும், தீபாவளிக்கு எத்தனை நாள் விடுப்பு என்று மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளச் சொல். வார்டனின் எண் அம்மாவிடம் இருக்கட்டும். வீட்டு எண்களை நீ கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில் எழுதி வைத்துக்கொள். கைப்பேசியைக் கொண்டுபோக விடமாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா