டாங்கிள் சொல்ற 35 கிலோஹெர்ட்ஸ் பொய்

விண்வெளி நிலையம் நம்ம தலைக்கு மேல கடந்து போறதுக்கு அதிகபட்சம் 10 நிமிஷம் ஆகும். அந்த 10 நிமிஷத்துல 145.800 மெகாஹெர்ட்ஸ்ல ஒண்ணுமே கேட்கலைன்னா, நம்மள்ல முக்கால்வாசி பேரு ஆன்டெனாவைத்தான் திட்டுவோம். அதுக்கு முன்னாடி சந்தேகப்பட வேண்டிய ஆள் ஒருத்தன் இருக்கான்: டாங்கிளுக்குள்ள இருக்கிற 28.8 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல்.

ஆர்டிஎல்-எஸ்டிஆர் முதல்ல டிவி பார்க்கறதுக்காக வந்த யுஎஸ்பி டாங்கிள். அதுல இருக்கிற ஆர்டிஎல்2832யு சிப், டீகோட் பண்ணாத கச்சா ஐ/க்யூ சாம்பிள்களையும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கும்னு 2012-ல வெளிய தெரிஞ்சது. அதோட இது ஏழைகளோட ரேடியோ லேப் ஆயிடுச்சு. ஆர்820டி ட்யூனர் இருக்கிற டாங்கிள் சுமார் 24-ல இருந்து 1766 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் கேட்கும். மிக்சர், ட்யூனர், ஏடிசி மட்டும்தான் ஹார்ட்வேர். ஃபில்டர், டீமாடுலேஷன் எல்லாம் நாம டிஎஸ்பி பேப்பர்ல படிச்ச அதே கணக்கு, லேப்டாப்ல ஓடுது.

இன்ஸ்டால் பண்றது பெரிய வேலை இல்ல. விண்டோஸ் தானா போடுற டிவி டிரைவரை ஸாடிக் வச்சு வின்யுஎஸ்பி-க்கு மாத்தணும். லிஸ்ட்ல பல்க்-இன், இன்டர்ஃபேஸ் ஜீரோன்னு வர்றதை மட்டும் தேர்ந்தெடுங்க, மவுஸ் டிரைவரை மாத்திட்டு முழிக்காதீங்க. லினக்ஸ்ல கெர்னலோட டிவிபி டிரைவரை பிளாக்லிஸ்ட் பண்ணணும். அப்புறம் எஸ்டிஆர் ஷார்ப், எஸ்டிஆர் ப்ளஸ் ப்ளஸ், ஜிக்யூஆர்எக்ஸ், எது பிடிக்குதோ அது. சாம்பிள் ரேட் 2.4 மெகாசாம்பிள் போதும். 3.2 வரைக்கும் காட்டும், ஆனா சாம்பிள் தவறிப் போகும்.

கெயின்தான் கொஞ்சம் பொறுமை கேக்கும். ஏடிசி வெறும் 8 பிட், அதாவது ஏறக்குறைய 48 டிபி டைனமிக் ரேஞ்ச்தான். சென்னையில 93.5, 98.3 மாதிரி எஃப்எம் ஸ்டேஷன்கள் பலமா அடிக்கிற இடத்துல கெயினை முழுசா ஏத்தினா, அமெச்சூர் பேண்ட்ல சினிமா பாட்டு கேட்கும். அது போலி சிக்னல். ஆட்டோ கெயினை ஆஃப் பண்ணிட்டு ஒரு படி குறைச்சுப் பாருங்க. நிஜ சிக்னல் அதே ஒரு படிதான் இறங்கும், போலி அதைவிட வேகமா காணாம போகும். லேப்டாப் சார்ஜரையும் கழட்டிடுங்க. நம்ம ஹாஸ்டல் எல்இடி ட்யூப்லைட்டைப் பத்தி நான் தனியா எதுவும் சொல்ல வேண்டாம்.

இப்போ முக்கியமான விஷயம். கிரிஸ்டல் தன்னோட நிஜ வேகத்துல இருந்து பத்து லட்சத்துல எத்தனை பங்கு விலகுதுங்கறதுதான் பிபிஎம். விலை குறைஞ்ச டாங்கிள்ல 30, 50 பிபிஎம் எல்லாம் சாதாரணம். 50 பிபிஎம்னா 145.8 மெகாஹெர்ட்ஸ்ல 7,290 ஹெர்ட்ஸ். குறுகிய எஃப்எம் பேச்சோட மொத்த அகலமே 12.5-ல இருந்து 15 கிலோஹெர்ட்ஸ். நாம சரியான எண்ணைத்தான் அடிச்சிருப்போம், ஆனா சிக்னல்ல பாதி ஃபில்டருக்கு வெளிய நிக்கும். எஸ்எஸ்பி-ல இன்னும் மோசம், 100 ஹெர்ட்ஸ் தள்ளினாலே குரல் வாத்து மாதிரி ஆகும்.

இதை எதோட ஒப்பிட்டுத் திருத்தறது? எஃப்எம் ஸ்டேஷன் வேண்டாம், அது அகலமான சிக்னல், நடுப்புள்ளியைக் கண்ணால பிடிக்க முடியாது. சாட்டிலைட்டும் வேண்டாம், அது ஓடிக்கிட்டே இருக்கும், டாப்ளர் வரும். பக்கத்துல இருக்கிற 2ஜி டவர்தான் சரியான ஆள். ஜிஎஸ்எம் டவரோட ஃப்ரீக்வென்சி 0.05 பிபிஎம்-க்குள்ள இருக்கணும்னு ஸ்டாண்டர்டே சொல்லுது. ஒவ்வொரு டவரும் கேரியர் நடுவுல இருந்து 67.7 கிலோஹெர்ட்ஸ் மேல ஒரு சுத்தமான டோனை அடிக்கடி அனுப்பும், போன்கள் தங்களைத் திருத்திக்கறதுக்காக. நாமளும் அந்த வரிசையில நின்னுக்கலாம். இதுல யாரோட பேச்சையும் நாம கேட்கல. (ஜியோவுக்கு 2ஜி கிடையாது, அந்த டவரைத் தேடாதீங்க.)

கேலிப்ரேட்-ஆர்டிஎல்ங்கற சின்ன ப்ரோகிராம் இந்த வேலையைச் செய்யும். முதல்ல டாங்கிளை 20 நிமிஷம் ஓடவிட்டு சூடாக விடுங்க. சூடு ஏறும்போது கிரிஸ்டல் நகரும், குளிர்ந்த டாங்கிளோட எண் அரை மணி நேரத்துல பொய்யாயிடும். அப்புறம் ஜிஎஸ்எம்900 பேண்டை ஸ்கேன் பண்ணி, பவர் அதிகமா இருக்கிற சேனலை எடுத்து, அதுல மட்டும் அளக்கச் சொல்லுங்க. ஸ்கேன்ல ஒரு சேனலும் வரலைன்னா டாங்கிள் செத்துப் போச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. பிழை ரொம்பப் பெருசா இருந்தா ப்ரோகிராம் டோனைக் கண்டுபிடிக்காது. தோராயமா 30, 40-னு ஒரு ஆரம்ப பிழையைக் கொடுத்து மறுபடி ஓட்டுங்க.

கணக்கு கையாலயும் போடலாம். சேனல் 61-ஓட கேரியர் 935 கூட்டல் 0.2 பெருக்கல் 61, அதாவது 947.2 மெகாஹெர்ட்ஸ். டோன் 947.2677-ல வரணும். நமக்கு அது 947.2327-ல தெரியுதுன்னு வைங்க, 35,000 ஹெர்ட்ஸ் கீழ. 35,000-ஐ 947.27-ஆல வகுத்தா 37 பிபிஎம். சிக்னல் கீழ தெரியுதுன்னா கிரிஸ்டல் வேகமா ஓடுது, திருத்தம் ப்ளஸ் 37. குறி குழப்பினா ப்ளஸ், மைனஸ் ரெண்டையும் போட்டுப் பாருங்க. ஒண்ணுல டோன் இடத்துக்கு வரும், இன்னொண்ணுல 70 கிலோஹெர்ட்ஸ் ஓடிப் போகும். வேற ஒரு டவர் சேனல்லயும் அளந்து அதே எண் வந்தாத்தான் நம்பணும்.

டிசிஎக்ஸ்ஓ வச்ச டாங்கிள் வாங்கினா பிழை 1 பிபிஎம் அளவுலதான் இருக்கும், இந்தப் பாடெல்லாம் வேண்டாம். கையில காசு இருந்தா அதையே வாங்குங்க. ஆனா சீனியர் விட்டுட்டுப் போன பழைய டாங்கிளைத் தூக்கிப் போடாதீங்க, ஏசி லேப்ல ஒரு தடவை, மொட்டை மாடியில ஒரு தடவை அளந்தா அதுவும் வேலை செய்யும்.

கேட்கறதோட நிறுத்திக்கோங்க. அனுப்பணும்னா அமெச்சூர் லைசென்ஸ் பரீட்சை எழுதியே ஆகணும்.

சரியா திருத்தியிருக்கோமான்னு விண்வெளி நிலையத்தை வச்சே சோதிக்கலாம். 145.800-ல எப்பவும் பேச்சு வராது, பள்ளிக்கூடத் தொடர்பும் பட ஒளிபரப்பும் அறிவிச்சு நடக்கும்போதுதான். சிக்னல் வரும்போது சுமார் 3.5 கிலோஹெர்ட்ஸ் மேல ஆரம்பிச்சு, வாட்டர்ஃபால்ல வளைஞ்சு, அதே அளவு கீழ இறங்கி மறையும். நிலையம் நமக்கு ரொம்பக் கிட்ட வர்ற அந்த நொடியில கோடு 145.800-ஐ வெட்டணும். முன்னயோ பின்னயோ வெட்டுச்சுன்னா, மறுபடி டவர்கிட்ட போங்க.