கேமரா மட்டும் போதாதா?

கேள்வி: சனிக் கோளைச் சுற்றிய காசினி விண்கலத்தில் 12 கருவிகள் எதற்கு? நல்ல கேமரா ஒன்று போதாதா?

பதில்: படம் பார்க்கிற நமக்குப் போதும், ஆராய்கிறவர்களுக்குப் போதாது. சனியின் என்செலடஸ் நிலவையே பாருங்கள். குறுக்களவு சுமார் 500 கிலோமீட்டர்தான். அங்கே ஏதோ நடக்கிறது என்று 2005 தொடக்கத்தில் துப்புக் கொடுத்தது காந்தமானி. நிலவின் அருகே சனியின் காந்தப்புலம் வளைந்திருந்தது. வெறும் பனி உருண்டை அப்படி வளைக்காது. காந்தமானிக் குழு கேட்டுக்கொண்டதால் ஜூலையில் கலத்தை 173 கிலோமீட்டர் வரை நெருங்க விட்டார்கள். தென்துருவப் பிளவுகளில் சூடு இருப்பதை அகச்சிவப்புக் கருவி கண்டது, அங்கிருந்து பீச்சியடித்த நீராவியும் சிக்கியது. அதோடு வந்த பனித்துகள்களில் உப்பு இருப்பதைத் தூசி ஆய்வுக் கருவி பிற்பாடு சொன்னது. அப்படியென்றால் உள்ளே கடல்! பீச்சலைத் தெளிவாகக் காட்டிய கேமராப் படங்கள் 2005 நவம்பரில்தான் வந்தன. பெயர் வாங்கியது என்னவோ அவைதான்.