குற்றவியல் படித்தால் போலீஸ் வேலைதானா?

கேள்வி: எங்கள் வீட்டில் பட்டுத்தறி ஓடுகிறது. மகள் பிளஸ் டூ முடிக்கிறாள், வணிகவியல், தமிழ்வழி. கல்லூரியில் குற்றவியல்தான் எடுப்பேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். "போலீசுக்கு எந்த டிகிரியும் போதும், இதைப் போய் ஏன் படிக்கணும்?" என்கிறார் என் அண்ணன். சேர்க்கலாமா?
– ஒரு வாசகி, சந்தவாசல்

பதில்: அம்மா, உங்கள் அண்ணன் சொல்வது உண்மை. உதவி ஆய்வாளர் தேர்வு எழுத ஏதாவது ஒரு பட்டம் போதும். உடல் தகுதியும் வேண்டும்: பெண்களுக்கு உயரம் 159 செ.மீ., பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 157. மகளின் ஆசை காக்கிச் சட்டை மட்டும்தான் என்றால் முதலில் உயரத்தை அளந்து பாருங்கள். பிறகு அவளுக்கு எந்தப் பாடம் நன்றாக வருமோ அதில் சேருங்கள்.

ஆனால் குற்றவியல் என்பது போலீஸ் பயிற்சி இல்லை. அது என்னவென்று உங்கள் பக்கத்து ஜவ்வாது மலையை வைத்தே சொல்கிறேன். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீசார் சுட்டு 20 தமிழர்கள் இறந்தார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களின் ஏழைக் குடும்பங்கள் அன்று தகப்பனையும் பிள்ளையையும் இழந்தன. செம்மரம் வெட்ட வந்தவர்கள் தாக்கியதால் சுட்டோம் என்றது போலீஸ். பிடித்து வைத்துச் சுட்டார்கள் என்றனர் மனித உரிமை அமைப்பினர். மரம் வெட்டுவது குற்றம், அதற்கு இன்ன தண்டனை என்பதோடு சட்டப் புத்தகம் நின்றுவிடும். ஜவ்வாது மலையில் இருப்பவன் உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஏன் கிளம்புகிறான்? முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போகும் ஆள் யார்? கட்டையை வெளிநாட்டுக்கு அனுப்புகிறவன் சிக்காமல் கோடாலி பிடித்தவன் மட்டும் ஏன் சிக்குகிறான்? செத்தவனின் மனைவிக்கு யார் பொறுப்பு? இவற்றைக் கேட்பதுதான் குற்றவியல். முன்பணம் வாங்கியவன் கை எப்படிக் கட்டப்படும் என்பது தறி வீட்டில் வளர்ந்த பெண்ணுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொத்தடிமை முறையை ஒழிக்க 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. வந்த பிறகும் அது ஏன் முழுதாக ஒழியவில்லை என்று ஆராய அவளைப் போன்றவர்கள்தான் வர வேண்டும். இந்தப் படிப்புக்கு அப்படிப்பட்ட பிள்ளைகள் வருவது குறைவு என்பது என் ஆதங்கம்.

வேலைக்கு வருவோம். நம் நாட்டுச் சிறைகளில் இருப்பவர்களில் ஏறக்குறைய நாலில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள், அதாவது இன்னும் தண்டனை பெறாதவர்கள். அவர்களுக்கும் வழி தவறிய சிறுவர்களுக்கும் துணை நிற்க நன்னடத்தை அலுவலர்கள் தேவை. 1958-ஆம் ஆண்டின் நன்னடத்தைச் சட்டம் முதல் முறை தவறியவரைச் சிறைக்கு அனுப்பாமல் திருத்த வழி சொல்கிறது. அதை நடத்திக் காட்ட ஆள் வேண்டுமே! இந்தப் பணிக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 2 தேர்வு எழுதலாம். மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலகுகளிலும் வேலை உண்டு, பெரும்பாலும் ஒப்பந்தத்தில். மகள் மூன்று வருடமும் தமிழ்வழியில் படித்தால், பள்ளிப் படிப்பும் தமிழ்வழி என்பதால், அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமைக்கு வாய்ப்பிருக்கிறது. கல்லூரியில் பயிற்றுமொழி எது என்று அவசியம் கேளுங்கள்.

இளங்கலையோடு நின்றால் பலன் குறைவு என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். அடுத்து வேலூர் அரசு சட்டக் கல்லூரியில் மூன்றாண்டுச் சட்டம் படிக்கலாம். உதவி அரசு வழக்கறிஞர் ஆகச் சட்டப் பட்டமும் நீதிமன்ற அனுபவமும் வேண்டும். இல்லையென்றால் சென்னைப் பல்கலைக்கழகத்திலோ திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலோ எம்.ஏ. குற்றவியல் படிக்கலாம். 1970-இல் தொடங்கிய இந்தியக் குற்றவியல் சங்கத்துக்குச் சென்னைப் பல்கலைக்கழகம்தான் தாய்வீடு.

ஒரு எச்சரிக்கை. தடய அறிவியல் வேறு, குற்றவியல் வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் சட்டங்களின்படி, ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றம் நடந்த இடத்துக்குத் தடயவியல் நிபுணர் வர வேண்டும். இதைக் காட்டி இரண்டு படிப்பையும் ஒன்றாகச் சேர்த்து விளம்பரம் செய்கிறார்கள். ஆய்வக வேலைக்கு வேதியியல், உயிரியல் அடித்தளம் வேண்டும். வணிகவியல் படித்த உங்கள் மகளுக்கு அந்த வழி இல்லை.

சேர்க்கும் முன் கல்லூரிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாணவர்களை நீதிமன்றத்துக்கு எத்தனை முறை அழைத்துப் போகிறீர்கள், வேலூர் மத்தியச் சிறைக்குள் அனுமதி வாங்கித் தருகிறீர்களா, குற்றவியலையே முதுகலையில் படித்த ஆசிரியர் எத்தனை பேர் என்று அவளே கேட்கட்டும். பதில் மழுப்பலாக வந்தால் பணம் கட்டாதீர்கள். சமூகவியலோ உளவியலோ சமூகப்பணியோ நல்ல அரசுக் கல்லூரியில் படித்துவிட்டு, முதுகலையில் குற்றவியலுக்கு வரலாம்.