ஆணிக்கு முன் வாட்டம் பாருங்கள்

மே மாதம் வந்தால் தாராவிக் கூரைகளின் மேல் ஆள் நடமாட்டம் தொடங்கிவிடும். நீலத் தாட்பத்ரி (தார்ப்பாய்) விரிப்பார்கள், சிமெண்ட் பத்ராவின் (கூரைத் தகட்டின்) விரிசலை அடைப்பார்கள், துருவேறிய தகரத்தை மாற்றுவார்கள். மும்பையில் பருவமழை தொடங்கும் வழக்கமான நாள் ஜூன் 11. அதற்குள் முடிக்க வேண்டிய வேலைகளில் எல்லாரும் கடைசிக்குத் தள்ளுவது கூரையோரத் தகரக் கால்வாயைத்தான். கூரை ஒழுகினால் படுக்கை நனையும், கால்வாய் கழன்றால் சந்துதானே நனையும் என்று நினைக்கிறோம். ஆனால் மேலிருந்து ஒரே இடத்தில் கொட்டும் தண்ணீர் சுவரின் அடியைத் தோண்டிவிடும். மூன்றடிச் சந்தில் அது எதிர்வீட்டுச் சுவரையும் ஊறவைக்கும்.

எவ்வளவு தண்ணீர் என்று கணக்குப் போட்டால் விஷயம் விளங்கும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். 150 சதுர அடிக் கூரை ஏறக்குறைய 14 சதுர மீட்டர், 100 மி.மீ. மழைக்கு 1,400 லிட்டர் இறங்கும். 2005 ஜூலை 26 மழையில் சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மி.மீ. பதிவானது. அந்த அளவு பெய்தால் இதே சின்னக் கூரையிலிருந்து 13,000 லிட்டருக்கு மேல் வடியும்.

கால்வாய் தொங்கியதும் பலரும் சுத்தியலைத்தான் தேடுகிறார்கள். பழைய ஓட்டையிலேயே பெரிய ஆணியை அடித்துவிட்டு இறங்கிவிடுவார்கள். அடுத்த பெருமழையில் அது மறுபடி கழலும். கழன்றதற்குக் காரணம் ஆணி அல்ல, உள்ளே தேங்கிய பாரம். ஆறு அங்குல அகலமுள்ள அரைவட்டக் கால்வாய் பத்தடி நீளத்துக்கு நிரம்பினால் தண்ணீர் மட்டுமே 28 கிலோ. கூடவே சேறும் கோழி இறகும் பிளாஸ்டிக் பையும். எனவே முதலில் முழுவதும் வாரிச் சுத்தம் செய்யுங்கள். பிறகு வாட்டம் பாருங்கள்.

குழாய் இறங்கும் முனையை நோக்கிப் பத்தடிக்கு அரை அங்குலமாவது சரிவு வேண்டும். தண்ணீர் நிரப்பிய டியூபை இரண்டு முனையிலும் பிடித்தால் மட்டம் தெரிந்துவிடும். கண் மதிப்பை நம்பாதீர்கள்; தாராவியில் பத்ராவே நேராக இருக்காது, அதன் ஓரத்தை வைத்துக் கால்வாயை மாட்டினால் நடுவில் கட்டாயம் குழி விழும். அந்தக் குழியில் நிற்கும் நல்ல தண்ணீரில்தான் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடுகிறது.

அடுத்துதான் பிடிமானம். மர ரீப்பரை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது. அதில் எதை முடுக்கினாலும் நிற்காது, அந்தத் துண்டை மாற்றத்தான் வேண்டும். மரம் நன்றாக இருந்தால் பழைய ஓட்டையை விட்டு இரண்டு அங்குலம் தள்ளி, ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போடுங்கள். இரும்பு ஆங்கிளாக இருந்தால் நட்டு போல்ட். இரண்டடிக்கு ஒரு கிளாம்ப் என்பது என் கணக்கு. கடல் காற்றில் சாதா இரும்பு சீக்கிரம் அரித்துவிடும், அதனால் துத்தநாகம் பூசிய கிளாம்பையே கேட்டு வாங்குங்கள். தகரம் இற்றுப்போயிருந்தால் ஆறு அங்குல பி.வி.சி. குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டலாம். துரு பிடிக்காது, எடையும் குறைவு. தகர இணைப்புகளுக்கு சிலிக்கான் நல்லது; வெயிலில் தகரம் விரியும்போது கூடவே இழுபடும். இறுகிக் கல்லாகும் பசை விரிசல் விட்டுவிடும்.

மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கத்துப் பழைய கட்டடங்களில் தொல்லை வேறு. மரங்கள் அதிகம், இலைக் குப்பை அடைக்கும். குழாய் இணைப்பில் அரசங்கன்று முளைத்திருந்தால் மேலே வெட்டிவிடுவதோடு நிற்காதீர்கள். வேர் உள்ளேயிருந்து இணைப்பைப் பிளந்துகொண்டே இருக்கும்.

சிமெண்ட் பத்ராவின் மேல் நேரடியாகக் கால் வைக்கவே கூடாது, உடைந்து ஆள் உள்ளே விழுவார். கீழே ஆங்கிள் ஓடும் இடம் பார்த்துப் பலகை போட்டு, அதன் மேல் நடங்கள். பழைய பத்ராக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இழை உண்டு. அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள், துளை போட்டே ஆக வேண்டுமென்றால் நனைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு போடுங்கள்.

கடைசியாகக் குழாயின் வாய். "தம்பி, ஒங்க கூரைத் தண்ணி பூரா எங்க செவத்துலதான் அடிக்குது" என்று எதிர்வீட்டு அக்கா சொன்னபோது, அவரையும் கூட நிறுத்திக்கொண்டே எங்கள் குழாய்க்கு இடம் பார்த்தேன். கீழே ஒரு வளைவுத் துண்டு மாட்டிச் சந்தின் சாக்கடைக்குள் இறக்கினோம். வாயில் வலை வைத்தோம். வலையைத் தட்டி எடுப்பது யார் என்பதையும் அப்போதே பேசி முடித்தோம்.

மழைக்கு நடுவில் கால்வாய் கழன்றுவிட்டால் ஏறாதீர்கள். ஈரப் பத்ரா வழுக்கும், தலைக்கு மேலேயே மின்கம்பி போகிறது. ஒயரைத் தொடாமல் தொங்கினால் மட்டும், ஜன்னல் வழியாகக் கயிறு போட்டுக் கட்டி வையுங்கள். ஒயரில் சாய்ந்திருந்தால் கிட்டே போகாமல் மின்சாரக்காரர்களுக்குச் சொல்லுங்கள். வெயில் காய்ந்த பிறகு பழுது பார்க்கலாம்.