பொம்மலாட்டப் பொம்மைக்குப் பிளாஸ்டிக் உறுப்பு: எந்தக் குழாய், எந்த பிட், எந்த மிஷின்

ரோட்டரி டூல் பேனாவைப் போலப் பிடித்து வேலை செய்யும் சிறு மோட்டார். பெரும்பாலானவை நிமிடத்துக்கு 5,000 முதல் 35,000 சுற்று வரை ஓடும். பிளாஸ்டிக் சூட்டை எளிதில் கடத்தாது. உராய்வில் எழும் சூடு பிட்டின் அடியிலேயே தங்கி, சீவல் உருகி பல்லில் அப்பிக்கொள்ளும். அதனால் மிஷினுக்கு முன் பிளாஸ்டிக்கைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

ஓடைப்பட்டி போன்ற திராட்சைத் தோட்ட ஊர்களில் பிளாஸ்டிக்கைத் தேடி அலைய வேண்டியதில்லை. சொட்டுநீர்ப் பாசனத்துக்குப் பதிக்கும் கெட்டியான பிவிசி குழாய் ஒன்று. அதிலிருந்து கொடியடிக்குப் போகும் வளையக்கூடிய கறுப்பு பாலிஎத்திலீன் குழாய் இன்னொன்று. இரண்டிலும் வெட்டுத் துண்டுகள் மிஞ்சும். பார்த்து அடையாளம் தெரியாத துண்டைத் தண்ணீரில் போட்டால் போதும்: பிவிசி மூழ்கும், பாலிஎத்திலீன் மிதக்கும்.

செதுக்க ஏற்றது பிவிசி. குறைந்த வேகத்தில் அது தூளாகவும் சீவலாகவும் உதிரும். உப்புத்தாள் தேய்த்தபின் பெயின்ட் பிடிக்கும், பசையும் ஒட்டும். ஆனால் 80 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளகத் தொடங்கும். கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். கறுப்புக் குழாயோ நூல்நூலாக இழுபடும், சாதாரணப் பசை எதுவும் அதில் நிற்காது. அதைச் செதுக்க முயல்வது வீண் வேலை. ஒடியாமல் மடங்குவதால் கத்தியால் நறுக்கி முழங்கை, முழங்கால் கீலுக்கு வைக்கலாம். 3டி பிரின்டரில் வரும் பிஎல்ஏ 60 டிகிரியிலேயே இளகும். அரத்தால் தேய்ப்பதே அதற்கு நல்லது.

பிட்டில் பலர் ஏமாறுவது கட்டிங் வீலில். அது வெட்டிக்கொண்டே போக, பின்னால் உருகிய பிளாஸ்டிக் மறுபடி ஒட்டிக்கொள்ளும். நேர்வெட்டுக்கு ஹேக்ஸா பிளேடுதான் வேகம். ரோட்டரி டூலின் இடம் வளைவிலும் குழிவிலும். அங்கே பல் குறைவான, இடைவெளி அகலமான கார்பைடு பிட் சீவலை வெளியேற்றும். நெருக்கமான பல் உடனே அடைத்துக்கொள்ளும். கடைசி மெருகுக்கு உப்புத்தாள் உருளை. மிச்சத்தைக் கையால் தேய்க்கலாம்.

ஒரு உள்ளங்கையை எடுத்துக்கொண்டால்: இரண்டு அங்குலக் குழாயின் பாதிச் சுவரே குவிந்த கையின் வளைவைத் தந்துவிடும். விரல் இடுக்குகள் முடியும் இடத்தில் முதலில் சிறு துளை போட வேண்டும், இல்லையென்றால் பின்னால் அங்கிருந்து விரிசல் ஓடும். நுனியிலிருந்து துளை வரை ஹேக்ஸா. பிறகு விரல் ஓரங்களை உருட்ட பிட். பிட் சுழலும் திசைக்கு எதிராக நகர்த்த வேண்டும். சுழலும் திசையிலேயே தள்ளினால் அது ஓரத்தில் ஏறித் துள்ளும். சில நொடி செதுக்கி நிறுத்தி, மிஷினைத் தள்ளி வைத்துவிட்டு, துண்டை மட்டும் தண்ணீரில் முக்கித் துடைத்துத் தொடரலாம்.

மிஷினில் எல்லாரும் கேட்பது அதிகபட்ச வேகத்தை. பிளாஸ்டிக்குக்குக் கேட்க வேண்டியது குறைந்தபட்ச வேகத்தை: 10,000 சுற்றுக்குக் கீழே இறங்காத ஒரே வேக மிஷின் விலை மலிவானாலும் வேண்டாம். வேகம் திருகும் வசதி உள்ளதே சரி. நாள் முழுக்க வேலை என்றால் வளையும் தண்டு இணைத்தது நல்லது. மோட்டார் தொங்கும், கை வலிக்காது.

எல்லா உறுப்பையும் பிளாஸ்டிக்கில் செய்வதும் புத்திசாலித்தனமல்ல. தமிழகத்து மரப்பாவை நாலரை அடி உயரமும் பத்துக் கிலோ எடையும் வரை போகும். அதைக் கல்யாண முருங்கையில் செதுக்கும் வழக்கத்துக்கு அந்த மரத்தின் லேசு முக்கியக் காரணம். பிவிசி தண்ணீரைவிடவே கனமானது. கெட்டிக் கட்டியாகத் தலை செய்தால் கயிறு பிடிப்பவரின் தோள் இற்றுப்போகும். தலைக்கும் உடலுக்கும் மரமே. அசையும் தாடை, கை, கிரீடத்தின் விளிம்பு ஆகியவற்றுக்கு மெல்லிய பிவிசி சுவர்.

கண்ணாடியும் தூசி முகமூடியும் கட்டாயம். முகமூடி தூளைத்தான் தடுக்கும், வாயுவை அல்ல. பிவிசியில் நெடி அடித்தாலோ ஓரம் பழுப்பேறினாலோ மிஷினை நிறுத்திவிட்டுக் காற்றோட்டமான இடத்துக்கு மாற வேண்டும்.