பண்டமாரான் கூரையில் ஐந்து கிலோவாட்

செய்ய வேண்டியவை

சோலார் போட்ட அன்றே ஒரு கணக்கை மனதில் வையுங்கள். பண்டமாரான் இருக்கும் கிள்ளான் பக்கம் 1 கிலோவாட் பலகை ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 யூனிட் தரும். 5 கிலோவாட் என்றால் மாதம் 500, நாளுக்குப் பதினாறு பதினேழு. வெயில் கொளுத்தினால் 20ஐத் தாண்டும்; காலையிலிருந்தே மூட்டம் போட்டால் ஆறு ஏழோடு நின்றுவிடும். ஒரு நாளைப் பார்த்துக் கலங்காதீர்கள், மாதத்தைப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் காட்டும் எண்ணை மாதக் கடைசியில் நோட்டில் எழுதுங்கள். எங்கள் வீட்டில் மூன்று மாதம் யாரும் பார்க்கவில்லை. பார்த்தபோது மாதத்துக்கு 400ஐக்கூடத் தொடவில்லை. ஏணி வைத்து ஏறினேன். பின்கட்டு மாமரக் கிளை வளர்ந்து, இரண்டு மணிக்கு மேல் மூன்று பலகைகளில் இலை நிழல் ஆடிக்கொண்டிருந்தது. பலகைகள் தொடராக இணைந்தவை. மூன்று தளர்ந்தால் மற்றவையும் ஓரளவு தளரும். போட்டுத் தந்தவர் மரத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. வேலைக்குக் கையெழுத்திடும் முன், மாலை நான்கு மணிக்குக் கூரையில் நிழல் எங்கே விழுகிறது என்று நீங்களே பாருங்கள்.

பலகை 10 டிகிரியாவது சாய்ந்திருக்கட்டும். அந்தச் சாய்வு இருந்தால், துறைமுகத்துக்குப் போகும் கொண்டேனர் லோரிகள் கிளப்பும் தூசியை மழையே கழுவிவிடும்.

இன்வெர்ட்டரை வெயில் படாத சுவரில், உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். 2021 டிசம்பரில் கிள்ளானிலும் தாமான் ஸ்ரீ மூடாவிலும் வீட்டுக்குள் ஏறிய வெள்ளத்தை மறக்க முடியுமா?

செய்யக்கூடாதவை

உச்சி வெயிலில் பலகையைக் கழுவாதீர்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். விடியற்காலையில் மெல்லிய துணி போதும், சோப்பு வேண்டாம்.

தகரக் கூரையோடு ஒட்டிப் பொருத்த விடாதீர்கள். பலகையின் திறனை 25 டிகிரி வெப்பத்தில்தான் அளக்கிறார்கள். நம் மதியத்தில் பலகையின் சூடு 60ஐத் தொடும். சூடு ஏற ஏற விளைச்சல் குறையும். அடியில் காற்று ஓட இடம் விடுங்கள்.

மெயினை அடைத்துவிட்டோம் என்று கூரை வயரில் கை வைக்காதீர்கள். வெளிச்சம் இருக்கும்வரை பலகையில் மின்சாரம் உண்டு. இதை வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

கரண்ட் போனாலும் நம் வீட்டில் விளக்கு எரியும் என்று நம்பாதீர்கள். பேட்டரி இல்லாத சோலார் தானே நின்றுவிடும். வெளியே கம்பத்தில் வேலை செய்பவரின் உயிருக்கான ஏற்பாடு அது.

பக்கத்து வீட்டு பில்லைக் காட்டி யாராவது லாபம் பேசினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். 2025 ஜூன் 30உடன் முடிந்த நெம் (NEM) திட்டத்தில் சேர்ந்த வீடுகளுக்கு, மின்சார நிறுவனமான தெனாகாவுக்குத் தந்த ஒவ்வொரு யூனிட்டும் பில்லில் முழுதாகக் கழியும். புதிதாகச் சேருவோருக்கு விதி வேறு. இன்றைய விதிப்படி கணக்கை எழுத்தில் வாங்குங்கள்.